நகையை வைத்துக் கடை போடலாமா?



இந்த முறை பூச்சி, நோய், உரம் பற்றி வந்த கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைக்கிறேன். ஒரு கடிதம் வந்திருக்கிறது. அதற்குப் பதில் தாமதமானால் ஒரு குடும்பத்தின் நகை அடகுக் கடைக்குப் போய்விடும். அதனால் அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

திண்டிவனம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

"ஐயா, எங்களுக்கு இரண்டு ஏக்கர் மல்லாட்டை. இந்த வருஷம் காய்ந்த காயாக 16 குவிண்டால் கிடைத்தது. கமிட்டியில் போட்டால் அன்றைய விலைதான். அதனால் நாலு மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பருப்பு உடைத்து, பக்கத்து ஊர் மரச்செக்கில் கூலிக்கு ஆட்டி எண்ணெயாக விற்கிறேன். இதுவரை 76 லிட்டர் விற்றிருக்கிறது. ஊருக்குள் 31, டவுனில் டீச்சர் வீடுகள் மாதிரி ஆறு வீட்டில் 29, மளிகைக் கடையில் வைத்தது 14, என் பையன் பேஸ்புக்கில் 1,500 ரூபாய் விளம்பரம் கொடுத்து அதில் வந்தது 2. பையன் பட்டப்படிப்பு முடித்தவன். டவுனில் கடை பிடித்து, போர்டு வைத்து, கவர் அடித்து, பெரிய அளவில் விளம்பரம் செய்தால்தான் வளர முடியும் என்கிறான். அதற்கு இரண்டு லட்சம் வேண்டும். என்னிடம் இருப்பது நகை மட்டும்தான். வீட்டுக்காரர் இதெல்லாம் வேண்டாம், அப்படியே கமிட்டியில் போட்டுவிடலாம் என்கிறார். இரண்டு பேருக்கும் நடுவில் நான். நகையை வைக்கலாமா, வேண்டாமா?"

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வைக்க வேண்டாம். ஏன் என்பதைக் கணக்கோடு சொல்கிறேன். எண்ணெய் ஆட்டுபவர்கள் மட்டுமல்ல, அரிசி, சத்துமாவு, தேன், நெய், ஊறுகாய் என்று எதை விற்கிறவர்களும் தங்கள் கணக்கை இப்படிப் போட்டுப் பார்க்கலாம்.

நான் செய்த தவறு

அதற்கு முன்னால் ஒன்றைச் சொல்ல வேண்டும். சுமார் பதினைந்து வருடத்துக்கு முன்பு நான் வேலை பார்த்த ஒரு வட்டாரத்தில், பன்னிரண்டு பெண்கள் சேர்ந்த ஒரு சுய உதவிக் குழு சத்துமாவு தயாரித்தது. நல்ல மாவு. என் வீட்டிலும் வாங்கினோம். "இப்படி வெள்ளைக் கவரில் போட்டு விற்றால் யார் வாங்குவார்கள்? நல்ல கவர் அடியுங்கள், கண்காட்சியில் ஸ்டால் போடுங்கள்" என்று அவர்களை முடுக்கிவிட்டவன் நான்தான். கடன் எடுத்து 5,000 கலர் கவர் அடித்தார்கள். மூன்று நாள் கண்காட்சியில் 200 பாக்கெட் விற்றது. எல்லோருக்கும் சந்தோஷம். எனக்குப் பெருமை.

அடுத்த மாதம் ஒரு பாக்கெட்கூடப் போகவில்லை. கண்காட்சிக்கு வந்தவர்கள் எந்தெந்த ஊரோ. அரைத்து வைத்த மாவில் வண்டு விழுந்தது. கவர் மூட்டை மூட்டையாக நின்றது. கடன் தவணையை அந்தப் பெண்கள் கூலி வேலைக்குப் போய் ஒரு வருடத்துக்கு மேல் கட்டினார்கள். குழுத் தலைவி என்னைத் திட்டவில்லை. ஒன்றே ஒன்று சொன்னார்: "சார், இருநூறு பாக்கெட் வித்தோம். வாங்குனவங்க ஒருத்தர் பேருகூட நம்மகிட்ட இல்லையே சார்."

பல்கலைக்கழகத்தில் நான் படித்த எந்தப் பாடத்திலும் இதைச் சொல்லித்தரவில்லை. விற்பது வேறு, வாங்குகிறவரைச் சம்பாதிப்பது வேறு. சகோதரியின் கடிதத்தைப் படித்ததும் அந்தத் தலைவியின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

முதல் கணக்கு: ஒரு லிட்டருக்கு நமக்கு என்ன அடக்கம்?

கடிதத்தோடு அவர் அனுப்பிய செலவுச் சீட்டிலுள்ள விலையையே எடுத்துக்கொள்கிறேன். உங்கள் ஊர் விலை மாறலாம். கணக்குப் போடும் முறை மாறாது.

100 கிலோ நிலக்கடலைப் பருப்பு, கிலோ 100 ரூபாய் என்றால் 10,000 ரூபாய். சொந்தக் காட்டில் விளைந்ததுதானே என்று இதை விட்டுவிடக் கூடாது. பருப்பாக விற்றிருந்தால் வந்திருக்க வேண்டிய பணம் இது. காயவைத்து, சொத்தை பொறுக்க ஓர் ஆள் கூலி 400. நீங்களே செய்தாலும் எழுதுங்கள். செக்குக்குக் கொண்டுபோய்த் திரும்ப 300. ஆட்டுக் கூலி 900. மொத்தம் 11,600.

இதில் எண்ணெய் 40 லிட்டர் வருகிறது. அதாவது இரண்டரை கிலோ பருப்புக்கு ஒரு லிட்டர். புண்ணாக்கு 55 கிலோ, கிலோ 40 ரூபாய் வீதம் 2,200 ரூபாய். அதைக் கழித்தால் 9,400. நாற்பதால் வகுத்தால் லிட்டருக்கு 235 ரூபாய். பாட்டில், மூடி, லேபிள் 15. ஆக அடக்க விலை 250 ரூபாய்.

ஒரு சின்ன எச்சரிக்கை. செக்கில் எண்ணெயைக் கிலோ கணக்கில் தருவார்கள், நாம் லிட்டரில் விற்போம். ஒரு லிட்டர் கடலை எண்ணெய் சுமார் 910 கிராம்தான் இருக்கும். கிலோவும் லிட்டரும் ஒன்று என்று எழுதினால் கணக்கு இடிக்கும், வாங்குகிறவரிடமும் சங்கடம் வரும்.

இரண்டாவது கணக்கு: எந்த வழியில் விற்றால் கையில் என்ன நிற்கும்?

சகோதரி நான்கு வழிகளில் விற்றிருக்கிறார். பையன் ஐந்தாவதாகக் கடை கேட்கிறார். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஊருக்குள் லிட்டர் 300 ரூபாய்க்குக் கொடுக்கிறார். அலைச்சல் இல்லை. லிட்டருக்கு 50 ரூபாய் நிற்க வேண்டும். ஆனால் 31 லிட்டரில் 14 லிட்டருக்கு இன்னும் பணம் வரவில்லை என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறார். 4,200 ரூபாய் வெளியில் நிற்கிறது. சொந்தக்காரர்களிடம் கேட்கவும் கூச்சம். ஆகவே 50 ரூபாய் என்பது நோட்டில்தான் இருக்கிறது.

டவுன் வீடுகளுக்கு 320 ரூபாய்க்குப் போகிறது. அடக்கம் போக 70. ஒரு தடவை வண்டியில் போய்வரப் பெட்ரோல் 120, அரை நாள் கூலி 200, ஆக 320 ரூபாய் செலவு. ஒரு நடையில் 20 லிட்டர் கொண்டுபோனால் லிட்டருக்கு 16 ரூபாய் செலவு, 54 ரூபாய் கையில் நிற்கும். எட்டு லிட்டர் மட்டும் கொண்டுபோனால் லிட்டருக்கு 40 ரூபாய் செலவு, நிற்பது 30 ரூபாய்தான். எண்ணெயும் அதேதான், விலையும் அதேதான். போன் வந்த உடனே இரண்டு பாட்டிலை எடுத்துக்கொண்டு ஓடுகிறோமா, எல்லோருக்கும் ஒரே நாளில் கொடுக்கிறோமா என்பதில்தான் லாபம் இருக்கிறது.

மளிகைக் கடைக்காரர் 275 ரூபாய்க்கு எடுக்கிறார். நமக்கு 25 ரூபாய். பணம் ஒரு மாதம் கழித்து. விற்காததைத் திருப்பித் தருவார். யார் வாங்கினார்கள் என்று நமக்குத் தெரியாது. கடைக்காரரைக் குறை சொல்லவில்லை. அவருக்கும் வாடகை உண்டு.

பேஸ்புக் விளம்பரத்துக்கு 1,500 ரூபாய் செலவு. வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவரைப் பிடிக்க 750 ரூபாய். லிட்டருக்கு 54 ரூபாய் நின்றால் அந்த 750 திரும்பி வர அவர் 14 லிட்டர் வாங்க வேண்டும். மாதம் இரண்டு லிட்டர் என்றால் ஏழு மாதம். ஒரு தடவை வாங்கிவிட்டு நிறுத்தினால் நஷ்டம். சென்னைக்குக் கூரியரில் அனுப்பினால் லிட்டருக்கு 50, 60 ரூபாய் அதற்கே போகிறது என்று எழுதியிருக்கிறார். அந்தச் செலவை வாங்குபவர் ஏற்றால்தான் அனுப்பலாம்.

இப்போது கடை. டவுனில் வாடகை 4,000, கரண்டு 500, உட்காருகிற ஆளுக்கு நாள் 300 ரூபாய் வீதம் 26 நாளுக்கு 7,800. மொத்தம் மாதம் 12,300 ரூபாய். பையனே உட்கார்ந்தாலும் அவர் கூலி கூலிதான். லிட்டருக்கு 70 ரூபாய் நிற்கும் என்றால், இந்தச் செலவை மட்டும் கட்டவே மாதம் 176 லிட்டர் விற்க வேண்டும். அதற்கு மேல் விற்பதுதான் லாபம். நாலு மாதத்தில் இவர் விற்றது 76 லிட்டர்.

மூன்றாவது கணக்கு: நம்மிடம் விற்க எவ்வளவு இருக்கிறது?

இதைத்தான் பலரும் போடுவதில்லை.

16 குவிண்டால் காயில் விதைக்கும் வீட்டுக்குமாக 2 குவிண்டால் ஒதுக்குங்கள். மீதி 1,400 கிலோ. நூறு கிலோ காய் உடைத்தால் 70 கிலோ பருப்பு என்று வைத்தால் 980 கிலோ. அதை ஆட்டினால் 392 லிட்டர். இந்த ஒரு பட்டத்து விளைச்சலில் இவரிடம் இருக்கும் மொத்தச் சரக்கே அவ்வளவுதான்.

கடை போட்டு மாதம் 176 லிட்டர் விற்றால் இரண்டே கால் மாதத்தில் சரக்கு தீர்ந்துவிடும். அப்புறம் வெளியில் பருப்பு வாங்கி ஆட்ட வேண்டும். அப்போது "எங்கள் காட்டில் விளைந்தது" என்று சொல்ல முடியாது. சந்தையில் வாங்கி விற்கிற இன்னொரு எண்ணெய்க் கடையாக ஆகிவிடுவோம்.

அதே 392 லிட்டரைப் பன்னிரண்டு மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 33 லிட்டர். நாலு பேர் உள்ள ஒரு குடும்பம் மாதம் இரண்டு லிட்டர் கடலை எண்ணெய் வாங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை குடும்பம் வேண்டும்?

பதினேழு.

சகோதரி, உங்களுக்கு வேண்டியது ஊரெல்லாம் பார்க்கிற போர்டு இல்லை. பேஸ்புக்கில் பத்தாயிரம் பேரும் இல்லை. மாதா மாதம் தவறாமல் வாங்குகிற பதினேழு வீடுகள். அதில் நான்கு வீடுகள் ஏற்கெனவே உங்களிடம் இருக்கின்றன. டவுனில் ஆறு வீட்டில் நாலு வீட்டார் மாதம் தவறாமல் வாங்குவதாக நீங்களேதான் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கேள்விக்கான பதில் உங்கள் கடிதத்திலேயே இருந்தது.

இன்னொரு கணக்கும் பாருங்கள். 392 லிட்டரையும் டவுன் வீடுகளுக்கே விற்றாலும், பருப்பாக விற்பதைவிட உங்களுக்கு அதிகமாகக் கிடைப்பது லிட்டருக்கு 54 வீதம் 21,168 ரூபாய். இரண்டு லட்சம் நகைக் கடனுக்கு நூற்றுக்கு ஆண்டுக்கு 9 ரூபாய் வட்டி என்று குறைவாகவே வைத்தாலும் 18,000 ரூபாய். மீதி 3,168. வருடம் முழுக்க நீங்கள் பாடுபட்டு அடகுக் கடைக்குக் கொடுத்ததாக இருக்கும். அசல் அப்படியே நிற்கும், நகையும் அங்கேயே இருக்கும்.

பதினேழு வீட்டை எப்படிப் பிடிப்பது?

அந்த நாலு வீட்டிலிருந்து தொடங்குங்கள். அவர்களிடம் நேராகவே கேளுங்கள்: "உங்களுக்குத் தெரிஞ்ச ஒரு வீட்டைச் சொல்லுங்கம்மா." புது வீடு இரண்டாவது மாதமும் வாங்கினால், சொல்லிவிட்டவருக்கு அரை லிட்டர் பாட்டில் இலவசமாகக் கொடுங்கள். அதற்கு உங்களுக்குச் செலவு 130 ரூபாய்க்குள் முடியும். விளம்பரத்தில் ஒருவருக்கு 750 ஆனதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பள்ளி, வங்கி, ஆஸ்பத்திரி என்று ஒரே இடத்தில் வேலை பார்ப்பவர்களாக இருந்தால் இன்னும் நல்லது. ஒரே நிறுத்தத்தில் ஐந்து வீட்டுச் சரக்கு இறங்கிவிடும்.

மாதத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். சம்பளம் வாங்கிய முதல் வார சனிக்கிழமை நல்ல நாள். மூன்று நாள் முன்பு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பி, யாருக்கு எத்தனை லிட்டர் என்று கேட்டு, அதற்கு ஏற்றபடி ஆட்டுங்கள். குரூப் வேண்டாம், பிராட்காஸ்ட் லிஸ்ட் போதும். குரூப்பில் போட்டால் ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியும், காலை வணக்கப் படங்களும் வந்து குவியும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். உங்கள் எண்ணைத் தன் போனில் பதிந்து வைத்திருப்பவருக்குத்தான் பிராட்காஸ்ட் செய்தி போய்ச் சேரும். பாட்டிலைக் கொடுக்கும்போதே பதிந்துகொள்ளச் சொல்லுங்கள்.

ஒரு நோட்டுப் போடுங்கள். பெயர், தெரு, எத்தனை பேர் குடும்பம், வாங்கிய தேதி, லிட்டர், பணம் வந்ததா, அடுத்து எப்போது தேவைப்படும். முதல் தடவை வாங்கிய பத்துப் பேரில் ஆறு பேர் மறுபடி வாங்கினால் உங்கள் தொழில் சரியான தடத்தில் இருக்கிறது. மூன்று பேருக்கும் கீழே என்றால் விளம்பரத்துக்குச் செலவு செய்யாதீர்கள். எண்ணெயிலோ, விலையிலோ, நேரத்துக்குக் கொடுப்பதிலோ ஏதோ குறை இருக்கிறது. வாங்காமல் நின்றவர் வீட்டுக்கே போய், வருத்தப்படாமல் காரணம் கேளுங்கள். எந்த விளம்பரமும் சொல்லாததை அவர் சொல்வார்.

ஊருக்குள் கடன் கொடுப்பதை நிறுத்துங்கள். "மொத்தமா பணம் கட்டினாத்தான் செக்குல ஆட்டித் தர்றாங்க" என்று சொல்லிப் பாருங்கள். உண்மையும் அதுதானே. பழைய பாக்கியைப் புண்ணாக்கு, வைக்கோல், ஆள் வேலை என்று ஏதாவது ஒரு வழியில் கழித்துவிடுங்கள்.

சரக்கு சரியில்லை என்றால் எந்த வழியும் சரியில்லை

வருடம் முழுக்க விற்க வேண்டுமென்றால் காயாகவே வையுங்கள். பருப்பாக உடைத்து வைத்தால் சீக்கிரம் காறல் வாடை வரும், வண்டும் பிடிக்கும். காயைக் குலுக்கினால் உள்ளே பருப்பு கலகலவென்று ஆடும்வரை காய வேண்டும். ஈரப்பதம் 8 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. மூட்டையைத் தரையில் வைக்காமல் கட்டைமேல் அடுக்குங்கள், சுவரில் ஒட்ட வைக்காதீர்கள்.

ஆட்டும்போது பூஞ்சை பிடித்தது, சுருங்கியது, நிறம் மாறியது எல்லாவற்றையும் பொறுக்கி எறிய வேண்டும். ஈரத்தில் கிடக்கும் கடலையில் ஒருவகைப் பூஞ்சை அஃப்ளடாக்சின் என்ற நச்சை உண்டாக்கும். அது ஈரலைக் கெடுக்கும். எண்ணெயைத் தெளியவைத்தாலும் துணியில் வடிகட்டினாலும் அது முழுதாகப் போகாது. புண்ணாக்கிலும் தங்கி மாட்டையும் பாதிக்கும். சொத்தை பொறுக்கும் அந்த 400 ரூபாய் கூலிதான் உங்களுக்கு உண்மையான விளம்பரச் செலவு.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். சமையல் எண்ணெயைத் திறந்த பாத்திரத்திலிருந்து அளந்து விற்க உணவுப் பாதுகாப்பு விதிகளில் இடமில்லை. அடைத்து, லேபிள் ஒட்டித்தான் விற்க வேண்டும். இப்படிப்பட்ட சிறு தொழிலுக்கு அடிப்படைப் பதிவு போதும். லேபிளில் பொருளின் பெயர், நிகர அளவு, உங்கள் முகவரி, பதிவு எண், தொகுப்பு எண், அடைத்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம், அதிகபட்ச விலை, தொடர்பு எண், சைவக் குறியீடு எல்லாம் வர வேண்டும். மற்ற விவரங்களை உங்கள் பகுதி உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆயிரக்கணக்கில் கவர் அடிக்காமல் நூறு, இருநூறு ஸ்டிக்கராக அடியுங்கள்.

லேபிளில் எழுதக் கூடாததும் உண்டு. நோயைக் குணமாக்கும் என்று எழுதக் கூடாது. யூரியா போட்டு விளைவித்ததை இயற்கை விளைபொருள் என்றும் எழுதாதீர்கள். "எங்கள் காட்டுக் கடலை, சொத்தை பொறுக்கி, மரச்செக்கில் ஆட்டியது." இது உண்மை, இதுவே போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டாரைக் காட்டுக்குக் கூட்டிவந்து செடியைக் காட்டுங்கள். பிள்ளைகள் காயைப் பிடுங்கிப் பார்த்துவிட்டுப் போனால் அந்த வீடு உங்களை விட்டுப் போகாது.

எல்லாப் பொருளுக்கும் ஒரே வழி இல்லை

எண்ணெய்க்குச் சொன்னதை அப்படியே மற்றப் பொருளுக்கு வைக்க முடியாது. மூன்று கேள்விகள் கேட்டுப் பாருங்கள். பொருள் எத்தனை நாள் தாங்கும்? ஒருவர் எத்தனை நாளுக்கு ஒரு தடவை வாங்குவார்? நம்மிடம் மொத்தம் எவ்வளவு இருக்கிறது?

கீரை, வெண்டை, கத்தரி ஒரு நாளில் வாடுபவை. அவற்றுக்குப் பக்கத்துச் சந்தைதான். எண்ணெய், அரிசி, பருப்பு தாங்கும், மாதா மாதம் தேவைப்படும். அவற்றுக்கு நிலையான வீடுகள். மாம்பழம், பொங்கல் கரும்பு, பனங்கிழங்கு பருவத்தில் மட்டும் வருபவை. அவற்றுக்கு முன்பதிவு. டன் கணக்கில் ஒரே பொருள் இருந்தால் தனியாக அலையாமல் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தோடு சேர்ந்து விற்பது, அல்லது ஒழுங்குமுறை விற்பனைக் கூடம். இது தோற்றவர்களின் வழி இல்லை. அதிகச் சரக்குக்கு அதுதான் பொருத்தம்.

இது தொடர்பாக வந்த இரண்டு கேள்விகளுக்குச் சுருக்கமான பதில்.

*கேள்வி: அரை ஏக்கரில் கீரையும் வெண்டையும் போடுகிறேன். தெருத் தெருவாக விற்பதா, உழவர் சந்தைக்குப் போவதா?*

பக்கத்தில் உழவர் சந்தை இருந்தால் அதையே முதலில் பாருங்கள். 1999-ல் மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்தபோதே, இடைத்தரகர் இல்லாமல் விவசாயி நேராக விற்க வேண்டும் என்பதுதான் நோக்கம். கடைக்கு வாடகை இல்லை, தராசும் அங்கேயே தருவார்கள். நில ஆவணங்களோடு விண்ணப்பித்தால், பயிரைப் பார்வையிட்டு அடையாள அட்டை தருவார்கள். ஆனால் வருபவர்கள் பல வகைக் காய் தேடுவார்கள். ஒரே நாளில் அரை ஏக்கர் வெண்டையும் காய்ப்புக்கு வந்தால் விலை விழும். பாத்தி பாத்தியாகப் பத்து நாள் இடைவெளியில் விதையுங்கள். விற்பனைத் திட்டம் விதைக்கும் அன்றே தொடங்குகிறது.

*கேள்வி: நாற்பது மாமரம் இருக்கிறது. குத்தகைக்கு விடாமல் சென்னைக்கு நேராக அனுப்பலாமா?*

முதல் வருடமே நாற்பது மரத்தையும் எடுக்காதீர்கள். ஐந்து மரத்தை மட்டும் உங்களுக்கு வைத்துக்கொண்டு மீதியைக் குத்தகைக்கு விடுங்கள். காய் முற்றுவதற்கு ஒரு மாதம் முன்பே ஆர்டரும் பணமும் வாங்கிவிடுங்கள். நன்றாக முற்றிய, கெட்டியான காயைக் கொஞ்சம் காம்போடு பறித்து, பால் வடியவிட்டு, காற்றுத் துளையுள்ள அட்டைப் பெட்டியில் அனுப்புங்கள். கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது தடை செய்யப்பட்டது. அந்தப் பக்கமே போகாதீர்கள். ஐந்து மரத்துப் பழம் சேதமில்லாமல் போய்ச் சேர்ந்து, வாங்கியவர்கள் அடுத்த வருடத்துக்கு இப்போதே சொல்லிவைத்தால், அப்புறம் பத்து மரம்.

மறுபடியும் சகோதரிக்கு

உங்கள் வீட்டுக்காரர் சொல்வதிலும் நியாயம் உண்டு. கையில் இருக்கிற காயில் பாதியைக் காய்ந்த நிலையில், விலை பார்த்துக் கமிட்டியில் போடுங்கள். அடுத்த பட்டத்துச் செலவுக்கு ரொக்கம் வேண்டுமே. மீதிப் பாதியை மட்டும் எண்ணெயாக்குங்கள். இந்த ஆறு மாதத்தில் நாலு வீட்டைப் பத்து வீடாக்குங்கள். அடுத்த விளைச்சலில் பதினேழு.

பையன் சொல்வதையும் தள்ளிவிடாதீர்கள். வளர வேண்டும் என்று நினைக்கிற பிள்ளை வீட்டில் இருப்பது பாக்கியம். அந்த நோட்டை அவர் கையில் கொடுங்கள். லேபிள் வடிவமைப்பது, வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுப்பது, கூகுள் பே கணக்குப் பார்ப்பது எல்லாம் அவர் பொறுப்பாகட்டும். பதினேழு வீடு நிறைந்து, இருபத்தைந்தாவது வீட்டுக்காரர் எண்ணெய் கேட்டு, உங்களிடம் சரக்கு இல்லாமல் போகிற நாள் வரும். அன்றைக்குப் பக்கத்துக் காட்டுக்காரரின் கடலையையும் சேர்த்து ஆட்டலாமா, சொந்தச் செக்குப் போடலாமா என்று பேசுவோம். அப்போது கடன் வாங்கினாலும் அதைக் கட்டப்போகிறவர்களின் பெயர்கள் உங்கள் நோட்டில் இருக்கும். அந்தச் சத்துமாவுக் குழுவிடம் இல்லாமல் போனது அதுதான்.

அதுவரை நகை பெட்டியிலேயே இருக்கட்டும்.

ஆறு மாதம் கழித்து எத்தனை வீடு சேர்ந்தது என்று எனக்கு எழுதுங்கள். குறைந்திருந்தாலும் எழுதுங்கள். என் கணக்கில் எங்கே பிசகு என்று நானும் தெரிந்துகொள்ள வேண்டும்.

மற்ற வாசகர்களும் உங்கள் பொருள், அடக்க விலை, இதுவரை யார் யாருக்கு எவ்வளவு விற்றீர்கள் என்ற மூன்றையும் குறித்துக் கேள்வி அனுப்புங்கள். "எப்படி விற்பது?" என்று மட்டும் கேட்டால் என்னால் பொதுவாகத்தான் சொல்ல முடியும். கணக்கோடு கேட்டால் கணக்கோடு பதில் தருகிறேன்.

அடுத்த இதழில் நிலக்கடலையில் டிக்கா இலைப்புள்ளி நோய் பற்றி வந்த கேள்விகளைப் பார்ப்போம்.